அந்த இரண்டு மணி நேரம்

டிசம்பர் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, காலை பத்தே முக்காலுக்கு, அருள்முருகன் தன் மகள் படிக்கும் பள்ளிக்கூடத்துச் சுவரில் வண்டியைச் சாய்த்துவிட்டு ஓடிப்போய், வாசலில் இருந்த காவலாளியிடம் தன் மாமனார் செத்துப்போய்விட்டார் என்றான்.

மாமனார் பக்கிரி அந்த நேரத்தில் கடலூர்க் கடற்கரையை ஒட்டிய தேவனாம்பட்டினத்தில் தன் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டாவது டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். அறுபத்தெட்டு வயதிலும் கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்கிற மனிதர். சாகும் எண்ணமே அவருக்கு இல்லை. ஆனால் அருள்முருகனுக்கு வேறு பொய் வாயில் வரவில்லை. உள்ளே அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. தேர்வின் நடுவில் பிள்ளையை வெளியே விட வேண்டுமென்றால் ஒரு சாவாவது வேண்டுமே.

ஏழாம் வகுப்பு இசைவாணி, கணக்குத் தாளைப் பாதியில் கொடுத்துவிட்டு வந்தாள். வகுப்பு டீச்சர் மாலதி அவள் தோளில் கை வைத்து வாசல்வரை கூட்டி வந்து, கண்கலங்கி அனுப்பி வைத்தார். பிள்ளை அழவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. இது மூன்றாவது தடவை.

"எவ்ளோப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆறு புள்ளி நாலு. அந்தமானுக்குக் கீழ. ஏறு, சீக்கிரம் ஏறு."

நெல்லிக்குப்பம் சாலையில் வண்டி பறந்தது. அருள்முருகன் முன்னால் பார்த்ததைவிடக் கண்ணாடியில் பின்னால் பார்த்ததுதான் ஜாஸ்தி. பின்னால் கரும்பு லாரி வந்தது, டவுன் பஸ் வந்தது. அவன் தேடியது கறுப்பாக, வேலி உயரத்துக்கு, மரத்தையும் படகையும் உருட்டிக்கொண்டு வரும் தண்ணீரை. ஒவ்வொரு வளைவிலும் அது இதோ வந்துவிட்டது என்றுதான் நினைத்தான். பண்ருட்டி வந்தும் இறங்காமல் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, மேடாகத் தெரிந்த ஒரு முந்திரிக் கிடங்கின் வாசலில் போய்த்தான் வண்டியை நிறுத்தினான்.

போனைப் பார்த்தான். அலை ஆபத்து எதுவும் இல்லை என்று அறிவிப்பு வந்திருந்தது. அது வந்து நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. அவன் நம்பவில்லை. நிலநடுக்கம் உண்டான நேரத்திலிருந்து சரியாக இரண்டு மணி நேரம் முடியும்வரை மகளைக் கையில் பிடித்தபடி அங்கேயே நின்றான். பலாக் காலம் இல்லாததால் மண்டிப் பக்கம் வெறிச்சென்று கிடந்தது. இசைவாணி போகிற லாரிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது நெல்லிக்குப்பத்துக்கு முன்னால் அவனுக்கு நெஞ்சை அடைத்தது. இடது கை மரத்தது. வண்டியை ஓரங்கட்டி, புளியமரத்தடியில் உட்கார்ந்தான். மூச்சு உள்ளே போகிறதே தவிர வெளியே வரவில்லை. செத்துவிடுவோம் என்று நிச்சயமாகத் தெரிந்தது. பிள்ளை ஸ்கூல் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து அவன் தலையில் ஊற்றினாள். அவன் கண் மூடும் நேரத்திலும் கட்டைவிரலால் போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அதையும் அவள் பார்த்தாள்.

கால் மணி நேரத்தில் அது அடங்கியது. அவன் சாகவில்லை. ஆனால் செம்மண்டலத்தில் வீட்டு மாடி ஏறும்போது ரேகா கதவிலேயே நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தபோது செத்திருந்தால் தேவலை என்று தோன்றியது.

நடந்தது இதுதான். மாலதி டீச்சர் நல்ல மனுஷி. மதியம் தேர்வு முடிந்ததும் இன்னும் இரண்டு டீச்சர்களைக் கூட்டிக்கொண்டு, ஆளுயர மாலை ஒன்று வாங்கி, ஆட்டோ பிடித்து தேவனாம்பட்டினம் போயிருக்கிறார். வீட்டைக் கண்டுபிடித்துக் கதவைத் தட்டினால், திறந்தவர் பக்கிரி. "யாரும்மா வேணும்?" என்று கேட்டிருக்கிறார். "பக்கிரி ஐயாவோட..." என்று டீச்சர் இழுக்க, "நாந்தான் பக்கிரி, மாலைல்லாம் எதுக்கு?" என்றிருக்கிறார். ஒரு டீச்சருக்கு மயக்கமே வந்துவிட்டது.

"எங்கப்பன் மாலையக் கையில வாங்கிக்கிட்டு எனக்குப் போன் பண்றார்ங்க," என்றாள் ரேகா. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. "சிரிக்கிறார். சிரிச்சிட்டு அழுவுறார். மாப்ளைக்கு என்னாமோ ஆயிடுச்சி, பாரும்மான்றார்."

"இல்ல ரேகா, ஆறு புள்ளி நாலு..."

"நிறுத்துங்க. எனக்கு இன்னிக்கு நெம்பர் வேணாம். ஒண்ணு என்கூட சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு வர்றீங்க. இல்லன்னா நான் பாப்பாவக் கூட்டிக்கிட்டு எங்கப்பா வீட்டுக்கே போயிடறேன். அவ அங்கேருந்தே பள்ளிக்கூடம் போவட்டும்."

அப்பா வீடு என்றால் கரையிலிருந்து இருநூறு அடி. அருள்முருகனுக்கு மறுபடியும் இடது கை மரத்தது.

*

அவன் பிறந்ததும் அந்தக் கரைதான். இப்போது நாற்பது வயது. முதுநகரில் ஷெட் வைத்து ஃபைபர் படகுகளுக்கு இன்ஜின் வேலை பார்க்கிறான். சத்தத்தை வைத்தே எந்த வால்வில் கோளாறு என்று சொல்லிவிடுவான், அப்படியொரு கைராசி. ஆனால் கல்யாணமான கையோடு கரையை விட்டு செம்மண்டலத்துக்குக் குடிவந்துவிட்டான். கீழ்வீடு கிடைத்தும் வேண்டாமென்று இரண்டாவது மாடி பிடித்தான். வீடு பார்க்கப் போனவன் தண்ணீர் வருமா என்று கேட்டபோது வீட்டுக்காரர் குழாய்த் தண்ணீரைக் கேட்கிறான் என்று நினைத்து, "இருவத்திநாலு மணி நேரமும் வரும்" என்று பெருமையாகச் சொன்னார். பாவம், இவனுக்கு வியர்த்துவிட்டது.

இசைவாணி பிறந்து இன்றுவரை கடலில் கால் நனைத்ததில்லை. கடல்காரன் பேத்தி, அலை எப்படிக் காலை இழுக்கும் என்று தெரியாதவள். தாத்தா வீட்டுக்குப் போனாலும் வாசலோடு சரி. அவள் கேட்டுப் பார்த்தாள், அழுதும் பார்த்தாள், பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

போன் வந்த பிறகுதான் அவன் பயத்துக்குக் கை கால் முளைத்தது. முதலில் நிலநடுக்கம் சொல்லும் ஒரு ஆப். பிறகு அலை உயரம் சொல்லும் இரண்டு ஆப். பிறகு உலகமெங்கும் கடல் எப்போது பொங்கும் என்று ஜோசியம் சொல்கிற யூடியூப்காரர்கள் ஏழு பேர், வாட்ஸ்அப் குழு மூன்று. டோங்கா எங்கே இருக்கிறது என்று கடலூர் மாவட்டத்தில் யாரைக் கேட்டாலும் முழிப்பார்கள். அருள்முருகன் மட்டும் அங்கே நேற்று எத்தனை தடவை பூமி ஆடியது என்று சொல்வான். கையெல்லாம் கிரீஸாக இருக்கும்போது மூக்கால் திரையைத் தள்ளுவான். ஷெட்டில் பையன்கள் சிரிப்பார்கள். அவனுக்குச் சிரிப்பு வந்து வருஷக்கணக்காகிவிட்டது. கழுத்து வலி, கண் எரிச்சல், சாப்பிட்டால் நெஞ்சு கரிப்பு, படுத்தால் படபடப்பு. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து, போனை எடுத்துப் பார்ப்பது. பார்த்ததும் ஒரு மூச்சு விடுவான். அந்த மூச்சு முடிவதற்குள் அடுத்த சந்தேகம் வந்து நிற்கும்.

*

சிதம்பரம் பஸ்ஸில் ஆலப்பாக்கம் தாண்டும்போது ரேகா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்பால் என்று அவன் நினைத்தான். போனை எடுக்கவிடாமல் பிடித்திருக்கிறாள் என்று புதுச்சத்திரம் வந்த பிறகுதான் தெரிந்தது. சிதம்பரம் போய் இறங்குவதற்குள் அவன் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

மனநலப் பிரிவில் அன்றைக்கு இருந்த டாக்டர் இளமதிக்கு முப்பது வயதுகூட இருக்காது. முதலில் பிரஷர் பார்த்தாள். நூற்றி எழுபத்தெட்டுக்கு நூற்றிப் பத்து. இரண்டாம் முறை பார்த்தாள். அதேதான்.

"போன டேபிள் மேல வைங்கண்ணா," என்றாள். "திருப்பிப் போட்டு வைங்க."

வைத்தான். வைத்த கையை எடுக்க முடியவில்லை.

"நேத்து எத்தன தடவ தொறந்தீங்கன்னு போனே சொல்லும். பாக்கலாமா?"

பார்த்தார்கள். நானூற்றிப் பன்னிரண்டு. ரேகா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பாத்தா நிம்மதியா இருக்குல்ல?" என்றாள் டாக்டர்.

"ஆமா மேடம்."

"அந்த நிம்மதி எவ்ளோ நேரம் நிக்கிது?"

அவன் யோசித்தான். "முன்னல்லாம் அரை நாள் நின்னுச்சு. அப்பறம் ஒரு மணி நேரம். இப்ப ரெண்டு நிமிஷம்கூட நிக்கறதில்ல."

"அதாண்ணா வியாதி. பயம் வியாதி இல்ல. உங்க ஊர்ல இருந்தா எனக்கும் பயமாதான் இருக்கும். ஆனா பயத்துக்கு நீங்க தீனி போட்டுப் போட்டு அது இப்ப ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவ வாயத் தொறக்குது. சரி, பாக்காம விட்டா என்னா ஆவும்?"

அருள்முருகன் சுவரில் ஒட்டியிருந்த படத்தையும் தரையையும் பார்த்தான். பிறகு மிகவும் சின்னக் குரலில், "வந்துடும்" என்றான்.

"நீங்க பாக்காததுனாலயா?"

"ஆமா."

ரேகா திரும்பி அவனைப் பார்த்தாள். பதினாலு வருஷக் குடித்தனத்தில் அவளிடம் சொல்லாததை அந்த அறையில்தான் அவன் சொன்னான். அவன் அப்பாவிடம் ஒரு ரேடியோ இருந்தது. காலையில் எழுந்து செய்தி கேட்டு, காற்று எப்படி, கடலுக்குப் போகலாமா என்று அப்பாவிடம் சொல்வது வீட்டில் இவன் வேலை. இருபது வருஷத்துக்கு முந்தைய அந்த டிசம்பரில் பேட்டரி தீர்ந்துபோய் மூன்று நாளாக ரேடியோ ஊமையாகக் கிடந்தது. வாங்கிவா என்று அப்பா சொன்னார். தங்கச்சி தில்லையம்மாள்கூடச் சொன்னாள். இவன் நாளைக்கு, நாளைக்கு என்றான். ஞாயிற்றுக்கிழமை ஏழரை வரை தூங்கினான். சுமத்ராவில் பூமி ஆடியது காலை ஆறரைக்கு. இங்கே தண்ணீர் வந்தது எட்டரைக்கு. தில்லை அப்போது கரையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பதிமூன்று வயது.

"ரெண்டு மணி நேரம் மேடம். உலகத்துல யார்யாருக்கோ தெரிஞ்சிருக்கு. எங்களுக்கு மட்டும் தெரியல. நான் கேக்கல." என்றான். "எம் பொண்ணுக்கு வர்ற சித்திரையில பதிமூணு முடியுது."

டாக்டர் பேனாவை மூடித் திறந்தாள். "அண்ணா, அன்னிக்கு ரேடியோ பாடியிருந்தாலும் அலை வரும்னு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. சொல்றதுக்கு இங்க அப்ப ஆளே இல்ல. இப்ப இருக்காங்க. சம்பளம் வாங்கிக்கிட்டு, ஷிஃப்ட் போட்டுக்கிட்டு, பகலும் ராத்திரியும் அதையேதான் பாக்கறாங்க. சம்பளமே இல்லாம நீங்க எதுக்கு அந்த வேலையப் பாக்கறீங்க?"

ரேகாவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது.

"உங்க கணக்குக்கே வர்றேன். அங்க ஆடுனா இங்க வர ரெண்டு மணி நேரம். அப்ப மணிக்கு ஒரு தடவ பாத்தாலும் உங்களுக்கு இன்னொரு மணி நேரம் கையில இருக்குல்ல?"

இன்ஜின் மெக்கானிக்குக்குக் கணக்கு புரியாமல் இல்லை.

பிரஷருக்கு ஒரு மாத்திரையும் மனசுக்கு ஒன்றும் எழுதிக்கொடுத்தாள். யூடியூப்காரர்களையும் குழுக்களையும் அங்கேயே உட்கார வைத்து அழிக்கச் சொன்னாள். முதல் வாரம் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை, அடுத்த வாரம் பத்து, அப்படியே ஒரு மணி நேரம்வரை. "பாக்கணும்னு தோணும். உயிர் போற மாதிரி இருக்கும். போவாது. அப்படியே உக்காருங்க, அது தானா எறங்கும்," என்றாள்.

*

அது அவள் சொன்ன அளவுக்கு எளிதாக இறங்கவில்லை. முதல் வாரம் ஐந்து நிமிஷத்தின் கடைசி நொடிகளில் அவன் பல் கிட்டிக்கும். ஒருநாள் ஷெட்டில் ஸ்பேனரைத் தன் கால் மேலேயே போட்டுக்கொண்டான். இரண்டு முறை ஏமாற்றினான், ரேகா கண்டுபிடித்தாள். பொங்கல் தாண்டியபோது இருபது நிமிஷம் ஆனது. மாசி பிறந்தபோது ஒரு மணி நேரத்தைத் தொட்டுவிட்டான். பிரஷர் இறங்கியது. சோறு ருசித்தது. ஒரு ராத்திரி முழுசாகத் தூங்கி எழுந்து, விடிந்துவிட்டதே என்று பயந்துபோனான்.

வீட்டில் எல்லோர் கண்ணும் அவன் மேல்தான் இருந்தது. இசைவாணி மாடிப்படி ஏறும்போது முப்பத்திநாலு படியையும் எண்ணி ஏறுவதையும், எண்ணிக்கை தவறினால் கீழே போய் மறுபடி ஏறுவதையும் ரேகா பார்த்திருக்கிறாள். கணக்கில் ஆர்வம் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டாள்.

"மாசி மகத்துக்குப் பாப்பா கடல்ல முழுவப்போறா," என்று ஒருநாள் சொன்னாள் ரேகா. "டாக்டருக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டேன். போன என்கிட்டக் குடுத்துட்டு நீங்க கரையில நிக்கணும். அவ்ளோதான்."

அருள்முருகன் மறுக்க வாயைத் திறந்தான். கதவுக்குப் பக்கத்தில் இசைவாணி நின்றுகொண்டு அவன் வாயையே பார்த்தாள். வாய் என்ன சொல்லப்போகிறது என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற விதத்தில், வேண்டாம் என்ற சொல் அவனுக்குள் திரும்பிப் போய்விட்டது.

*

மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்தில் மணலே தெரியாது. எங்கெங்கோ இருந்து சாமிகள் டிராக்டரிலும் மினி லாரியிலும் வந்து இறங்கும். பம்பை ஒரு பக்கம், நாதஸ்வரம் ஒரு பக்கம், அப்பா அம்மாவுக்குத் திதி கொடுக்கிறவர்கள் ஒரு பக்கம், மொட்டைத் தலைகள், பலூன், கரும்புச் சாறு. தண்ணீருக்குள் கயிறு கட்டி, அதற்கு அப்பால் போகாதே என்று போலீஸ் மைக்கில் கத்திக்கொண்டே இருந்தார்கள். அத்தனை ஜனமும் திரும்பிப் போக ஒரே சாலை, அதையும் சாமி வண்டிகள் பாதி அடைத்திருந்தன.

அருள்முருகன் மணலில் துண்டைக் கையில் முறுக்கியபடி நின்றான். போன் ரேகாவின் பையில். ரேகாவும் மாமனார் பக்கிரியும் இசைவாணியை நடுவில் விட்டு இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் போனார்கள். பக்கிரி திரும்பி, "மாப்ள, நான் செத்தாலும் பாப்பாவ விட மாட்டேன், என்னைத்தான் ஏற்கெனவே சாவடிச்சிட்டியே!" என்று கத்திச் சிரித்தார். அருள்முருகனுக்குச் சிரிக்க வாய் வரவில்லை. பிள்ளையின் மஞ்சள் சுடிதாரை விட்டு அவன் கண் நகரவில்லை. அது முழங்கால் ஆழத்துக்குப் போனது. இடுப்புக்குப் போனது. அலை வந்து தூக்கியது. காணாமல் போனது. மறுபடி தெரிந்தது.

மணி என்ன என்று தெரியவில்லை. கடைசியாகப் பார்த்து எவ்வளவு நேரம் ஆயிற்று? அரை மணியா, ஒரு மணியா? இந்நேரம் அங்கே ஆடியிருந்தால்? அலை ஒன்று வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பின்வாங்கியது. அப்படித்தான் அவனுக்குத் தோன்றியது. ஈர மணல் பளபளத்தது.

அப்போதுதான் சைரன் கேட்டது.

எந்தச் சைரன், எந்தப் பக்கத்திலிருந்து, என்று பிரித்துப் பார்க்க அவன் காது நிற்கவில்லை. உடம்பு மொத்தமும் ஒரே சத்தமாக ஆகிவிட்டது. வாய் திறந்துகொண்டது. "தண்ணி வருது, ஓடுங்க" என்ற சொல் நெஞ்சைக் கிழித்துக்கொண்டு தொண்டைக்கு ஏறியது. அந்த ஊரில் அது வெறும் சொல் இல்லை. பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும்போதுகூட அதைக் கத்த மாட்டார்கள், கத்தினால் பெரியவர்கள் முதுகில் ரெண்டு வைப்பார்கள். இருபது வருஷமாக அந்தச் சொல்லைக் கேட்கக் காத்திருக்கும் ஊர். ஒருவன் கத்தினால் போதும். கரையில் நிற்கிற ஊர்க்காரன் மொத்தமும் அந்த ஒரே சாலைக்குப் பாய்வான். அவனைப் பார்த்து வெளியூர்க்காரனும் பாய்வான். தண்ணீருக்குள் இருப்பவர்கள் ஒருவர் மேல் ஒருவர் ஏறி வருவார்கள். அடியில் மஞ்சள் சுடிதார்.

அதை அவன் கண்ணால் பார்த்தான். கடல் வரவே இல்லை, மனிதக் கால்கள்தான் அவள் மேல் ஏறின. கொல்லப்போவது கடல் இல்லை, தன் வாய்தான் என்று தெரிந்ததும் வந்தது ஒரு பயம். இருபது வருஷத்தில் அவன் பட்ட பயமெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. முறுக்கிய துண்டை வாய்க்குள் திணித்தான். இரண்டு கையாலும் அழுத்தினான். மணலில் விழுந்தான். சொல் உள்ளே இடித்தது. உடம்பு உதறியது. தொண்டையிலிருந்து 'ஊ' என்று ஒரு சத்தம் மட்டும் துண்டைத் தாண்டி வந்தது.

பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "சாமி வந்துடுச்சி, வழி வுடுங்க!" என்றார். யாரோ அவன் நெற்றி நிறையத் திருநீறு அப்பினார்கள். ஒரு அம்மாள் அவன் முன்னால் கை கூப்பி உட்கார்ந்து, "சாமி, எம் பையனுக்கு இந்த வருசமாவது வேல கெடைக்குமா?" என்று கேட்டாள். அருள்முருகன் கண்ணில் நீர் வழிய, வாயில் துண்டோடு, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான். அவள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சைரன் நெருங்கி வந்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஆம்புலன்ஸ் ஒன்று மெல்ல ஊர்ந்து வந்து நின்றது. வெயிலில் மயங்கி விழுந்த யாரையோ ஏற்றினார்கள். கதவைச் சாத்தினார்கள். போனது. அலை எப்போதும் வருகிற இடம்வரை வந்து திரும்பியது.

அவன் துண்டை வாயிலிருந்து எடுத்தபோது அதில் ரத்தம் இருந்தது, உதட்டைக் கடித்திருந்தான். ஆனால் கத்தவில்லை. கத்தவில்லை, கத்தவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். உட்கார்ந்த இடத்திலேயே அழுதான். டாக்டரிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தான்.

சொட்டச் சொட்ட இசைவாணி ஓடி வந்தாள். தலைமுடி முகத்தில் ஒட்டியிருந்தது, பல் தந்தியடித்தது. அப்பாவின் நெற்றியைப் பார்த்து, "என்னாப்பா இவ்ளோ துண்ணூறு?" என்றாள்.

"ஒண்ணுல்லம்மா. எப்படி இருந்துச்சு? நல்லா இருந்துச்சா?"

"எரநூத்தி பதினாலு," என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை.

அவள் அம்மா வருகிறாளா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, அவன் காதருகே குனிந்து ரகசியம் சொன்னாள். "ஒரு அலைகூட வுடல. எல்லாத்தையும் எண்ணிட்டேம்ப்பா. நீதான் போன் பாக்கலல்ல. யாராவது பாத்துக்கிட்டே இருக்கணும்ல? இல்லன்னா பெருசா வந்துடும்." பிறகு அவனை ஆறுதல் படுத்துவதுபோல முதுகைத் தட்டினாள். "பயப்படாத. நான் பாத்துக்கறேன். படிகூட தெனம் எண்ணிடறேன். நீ சிதம்பரம் போனதுலேருந்து நாந்தான் பாத்துக்கறேன்."

வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. அருள்முருகனுக்கு உள்ளங்கால் வரைக்கும் சில்லிட்டது. பண்ருட்டிக் கிடங்கு வாசலில் அவள் எண்ணிய லாரிகள் ஞாபகம் வந்தன. அவளைத் தண்ணீரிடமிருந்து காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, அதைவிடப் பெரிய ஒன்றைப் பன்னிரண்டு வருஷமாகக் கையால் ஊட்டி வளர்த்திருக்கிறான். தன் முகத்தில் இருந்ததைத்தான் பிள்ளை படித்திருக்கிறது.

டாக்டர் சொன்னதெல்லாம் நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் கேட்டுக்கொள்வாள், சரிப்பா என்பாள், மனசுக்குள் எண்ணிக்கொண்டே இருப்பாள். அவனும் அப்படித்தானே இருந்தான்.

எழுந்தான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு கடலை நோக்கி நடந்தான். எதிரே வந்த ரேகா, "ஏங்க, நீங்க எங்க?" என்று பதறினாள். அவன் நிற்கவில்லை. இருபது வருஷம் கழித்து அந்தத் தண்ணீர் அவன் பாதத்தைத் தொட்டபோது ஓடிவிடலாமா என்று இருந்தது. இன்னும் நாலடி வைத்தான். முழங்கால் ஆழத்தில் நின்றான்.

"பாப்பா, கண்ண மூடு."

"ஐயோ, வேணாம்ப்பா. எரநூத்தி பதினாலுல நிக்கிது. எண்ணணும்."

"எண்ணாத. ரெண்டு பேரும் எண்ண வேணாம்."

"வந்துடும்ப்பா!" அவள் நகம் அவன் உள்ளங்கையில் பதிந்தது. அவள் குரல் உடைந்துவிட்டது. அது அவனுடைய குரல்தான், டாக்டர் அறையில் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்ன அதே குரல்.

"எனக்கும் பயமாதாம்மா இருக்கு," என்றான். "உன்னவிட ஜாஸ்தியா இருக்கு. கையப் பிடிச்சிக்க. மூடு."

அவள் மூடினாளா என்று அவன் பார்க்கவில்லை. பார்க்க வேண்டுமென்றால் தன் கண்ணைத் திறக்க வேண்டும். இருட்டுக்குள் கடல் இரைந்தது. பின்னால் பம்பை அடித்தது. காலடியில் மணல் கரைந்து நழுவியது. ஒரு அலை வந்து தொடையில் அடித்தது. இன்னொன்று வந்தது. பிள்ளையின் கை நடுங்கியது, அவன் கையும் நடுங்கியது, எந்த நடுக்கம் யாருடையது என்று தெரியவில்லை. பெரிதாக ஒன்று வந்து இருவரையும் இடுப்புவரை நனைத்துத் தள்ளியது. அவள் வீறிட்டாள். அவன் விடவில்லை.

அது திரும்பிப் போன பிறகு, வெகு நேரம் கழித்து, "இது எத்தனாவதுப்பா?" என்று அழுதுகொண்டே கேட்டாள்.

"தெரியல. உனக்கு?"

"எனக்கும் தெரியல," என்றாள் இசைவாணி.